மைஸ்டரின் கண்ணும் மலையாட்டு ஈரலும்

துப்பாக்கி என்ற ஒன்றை நான் முதன்முதலாகத் தொட்டுப் பார்த்தது மியூனிக்கில், ஒரு லேத்துக்குப் பக்கத்தில். அறுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. அங்கே ஓர் ஒளியியல் ஆய்வகத்தில் டாக்டர் பட்டத்துக்காக லென்ஸ்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். திண்டுக்கல்லிலிருந்து கிளம்பியபோது என் சித்தப்பா, "கண்ணாடிதானே படிக்கப் போற, அதுக்கு ஏன் கப்பல் ஏறணும்?" என்று கேட்டார். அவரைப் பொறுத்தவரை கண்ணாடி என்பது மூக்கில் மாட்டுவது, இல்லையென்றால் சுவரில் மாட்டுவது. விளக்கி விளக்கி அலுத்துப்போய், "ஆமா சித்தப்பா, மூக்குக் கண்ணாடிதான்" என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினேன்.

எங்கள் ஆய்வகத்தில் பேராசிரியரைவிடப் பெரிய ஆள் ஒருவர் இருந்தார். கீழ்த்தளத்துப் பட்டறையின் தலைவர். எல்லோரும் அவரை மைஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அது தொழில் தேர்ச்சிக்குக் கிடைத்த பட்டம். நாளாவட்டத்தில் அவருடைய பெயரையே விழுங்கிவிட்டது. ஐம்பத்தெட்டு வயது, பீப்பாய் உடம்பு, தலையில் மிச்சமிருந்த முடியைவிடக் காதில் அதிகம். ஆராய்ச்சி மாணவர்கள் வரைந்து கொடுக்கும் வளையங்களையும் குழல்களையும் அவருடைய பட்டறைதான் கடைந்து கொடுக்கும். யாருடைய வேலை முதலில், யாருடையது கடைசியில் என்பது அவர் இஷ்டம். பேராசிரியரைப் பகைத்துக்கொண்டவன்கூட எப்படியோ பட்டம் வாங்கிவிடுவான். மைஸ்டரைப் பகைத்துக்கொண்டவன் தலை நரைத்துத்தான் ஊர் திரும்புவான் என்று சொல்லிக்கொள்வார்கள்.

ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள் அவர் என்னைக் கீழே வரச் சொன்னார். என்னுடைய லென்ஸ் வளையம் தயாராகிவிட்டது என்று துள்ளிக்கொண்டு போனேன். மேசையில் பழைய துணி விரித்து, அதன்மேல் ஒரு வேட்டைத் துப்பாக்கி கிடந்தது.

"பயப்படாதீங்க ஃப்ராய்லைன், குண்டு இல்ல. தொட்டுப் பாருங்க," என்றார். கல்யாணமாகாத பெண்ணை அப்போது அங்கே ஃப்ராய்லைன் என்றுதான் அழைப்பார்கள். அவர் பேசியது பவேரியப் பக்கத்துக் கொச்சை ஜெர்மன். என் காதில் அது எப்போதும் எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் விழுந்தது, அப்படியே எழுதுகிறேன்.

அவருடைய மைத்துனர் தெற்கே ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் வேட்டை உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர். வருடத்துக்கு ஒருமுறை, அக்டோபரில், ஒரு மலையாடு சுட்டுக்கொள்ள மைஸ்டரை அழைப்பார். வருடம் முழுவதும் லேத்துக்கு முன்னால் நிற்கிற மனிதருக்கு அந்த இரண்டு நாள்தான் தீபாவளி. பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் மனிதன், அந்தப் பக்கம் ஆடு. நடுவே இருநூறு, இருநூற்றைம்பது மீட்டர் வெறும் காற்று. கிட்டே போனால் ஆடு ஓடிவிடும், அதனால் தூரத்திலிருந்துதான் சுட வேண்டும். ஆடு வெளியே வருவதோ வெளிச்சம் மங்குகிற வேளையில்.

"போன வருஷம் தப்புப் பண்ணிட்டேன்," என்றார். துப்பாக்கியின் மேலிருந்த பழைய தொலைநோக்கிக் குழலை விரலால் தட்டினார். அது அவருடைய அப்பா காலத்துக் குழல், நான்கு மடங்கு பெரிதாக்கும். "இதுல பார்த்தா சாயங்காலத்துல பாறையும் ஆடும் ஒண்ணாத்தான் தெரியுது. தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு, சுட்டுட்டேன். அடிபட்டு ஓடிருச்சு. நாயை வச்சு ரெண்டு நாள் தேடுனோம். பாறையில கொஞ்சம் ரத்தம், கொஞ்சம் முடி. ஆடு கிடைக்கல."

அதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. அடிபட்ட மிருகத்தை வலியோடு விட்டுவிட்டு வருவதைப் போன்ற அவமானம் அங்கே வேட்டைக்காரனுக்கு வேறு கிடையாதாம். மைத்துனர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்: ஒழுங்கான குழல் வாங்கினால் வா, இல்லையென்றால் வராதே. இன்னொரு ஆடு அப்படிப் போனால் இனி எப்போதும் வராதே.

"அவன் சொல்லணும்னே இல்ல ஃப்ராய்லைன். இன்னொண்ணு அப்படிப் போச்சுன்னா நானே துப்பாக்கியை வித்துருவேன்," என்றார் மைஸ்டர். "கடைக்காரன் பெரிய குழலைத்தான் வாங்கணும்ங்கிறான். ஆனை விலை சொல்றான். என்கிட்ட அதுல பாதிகூட இல்ல. நீங்க லென்ஸ் படிச்சவங்க. பாதி விலையில நல்லதா ஒண்ணு எடுத்துக் குடுங்க."

பிறகுதான் முக்கியமான விஷயத்தைச் சொன்னார். சுட்ட ஆட்டின் கறி குத்தகைக்காரருக்குச் சொந்தம். ஆனால் ஈரல், இதயம், சிறுநீரகம் எல்லாம் சுட்டவருக்கு. அது அங்கே வேட்டைக்காரனின் உரிமை. "ஒழுங்கா நடந்தா அதெல்லாம் உங்களுக்கே," என்றார்.

இதைக் கேட்டவுடன் என் மனம் மியூனிக்கை விட்டுத் திண்டுக்கல்லுக்குப் போய், மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வதக்கிய ஆட்டீரலின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. அந்த ஊர்க் கசாப்புக் கடைகளில் பன்றி உண்டு, மாடு உண்டு. ஆட்டுக்கறி கேட்டால் கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி இல்லாவிட்டால் அது ஞாயிற்றுக்கிழமையே இல்லை என்று வளர்ந்தவள் நான். என் விடுதியில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சென்னைக்காரர் ஒருவர் இருந்தார், சமையலில் கெட்டிக்காரர். அவரிடம் சொன்னதும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னது, ஃப்ரெஷ் லிவரா? சீரியஸாத்தான் சொல்றீங்களா? ஏங்க, உங்க தீசிஸ் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல அந்த ஸ்கோப்பை ஃபைனலைஸ் பண்ணுங்க!"

மைஸ்டரின் வார்த்தையை நம்பிக் கடைக்காரர் மூன்று குழல்களைக் கொடுத்தனுப்பினார். ஒன்று நான்கு மடங்கு. அழகாக இருந்தது, ஆனால் இருநூறு மீட்டரில் ஆட்டை ஆட்டுக்குட்டி அளவுக்குக் காட்டியது. இரண்டாவது கடைக்காரரின் செல்லப்பிள்ளை: எட்டு மடங்கு, முகப்பு லென்ஸ் ஐம்பத்தாறு மில்லிமீட்டர், மாவு சலிக்கும் சல்லடை மாதிரி ஒரு வாய். மூன்றாவது மலிவு. எட்டு மடங்குதான், ஆனால் முகப்பு நாற்பது மில்லிமீட்டர். எந்த ஊரில் செய்தது என்றுகூடப் பெட்டியில் தெளிவாகப் போடவில்லை.

மூன்றையும் ஆய்வுமேசையில் பிடித்துக் கட்டி, ஜன்னல் வழியாகத் தூரத்தில் தெரிந்த மதுவடிசாலையின் புகைபோக்கியை நோக்கித் திருப்பி வைத்தேன். ஒரு வாரம், மாலை வெளிச்சம் மங்க மங்க, எந்தக் குழலில் எத்தனை மணி வரை செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே உள்ள கோடு தெரிகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். பெரியதுதான் ஜெயித்தது. ஆனால் மலிவுக் குழல் கூர்மையில் அதற்குச் சளைக்கவில்லை. வெளிச்சத்தில் மட்டும் கொஞ்சம் பின்தங்கியது.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய குழலிலிருந்து வெளியே வரும் ஒளிக்கற்றை ஏழு மில்லிமீட்டர் அகலம். மலிவுக் குழலில் ஐந்து. இருட்டில் ஏழு மில்லிமீட்டர் திறக்கிற கண்மணிக்குத்தான் அந்த ஏழும் உள்ளே போகும். வயதாக ஆகக் கண்மணி அவ்வளவு திறக்காது. குறுகலான வாசலுக்கு முன்னால் எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் வாசல் அளவுதானே உள்ளே போகும்? மைஸ்டரின் கண் ஐந்துதான் திறக்கும் என்றால் ஆனை விலை கொடுத்து வாங்குகிற அந்த மிச்ச வெளிச்சம் அவருடைய முகத்தில் விழுந்து வீணாகும்.

அவரை இருட்டறையில் கால்மணி நேரம் உட்காரவைத்தேன். கண்ணுக்குக் கீழே ஒரு அளவுகோலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, சட்டென்று ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுத்தேன். கண்மணி சுருங்குவதற்குள் படம் விழுந்துவிடும். அதே மாதிரி என் கண்ணையும் எடுத்தேன். அடுத்த நாள் காலையில் கழுவின படங்களில் அளந்து பார்த்தால் எனக்கு ஏழு, அவருக்கு ஐந்து. நான் நினைத்தது அப்படியே சரி! பெருமை பிடிபடவில்லை. ஈரம் சொட்டச் சொட்ட இரண்டு படத்தையும் எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன்.

மணி ஒன்பது. பட்டறைக்காரர்கள் ரொட்டியும் சாசேஜும் சாப்பிடுகிற நேரம். அந்தக் கால்மணி நேரத்தில் பேராசிரியர்கூட உள்ளே காலடி வைக்கமாட்டார். நான் வைத்தேன். ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்திருந்த மேசையில், ரொட்டிக்கு நடுவே, இரண்டு கண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"பாருங்க மைஸ்டர், இது என் கண்ணு, இது உங்க கண்ணு. உங்க கண்ணுக்கு வயசாயிருச்சு, ஐந்துதான் திறக்குது. பெரிய குழல் உங்களுக்குச் சுத்த வேஸ்ட். மலிவே போதும்!"

யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கத் தெரியாமல் இருமினார். மைஸ்டர் தன் பேனாக்கத்தியைத் துடைத்து, மடக்கி, சட்டைப் பையில் போட்டார். "நன்றி, ஃப்ராய்லைன்," என்றார். அவ்வளவுதான். என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்ததை அப்போதுகூட நான் கவனிக்கவில்லை. ஆனை விலையை மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறேன், மனிதர் முகத்தில் ஒரு சந்தோஷம் இல்லையே என்று எனக்குத்தான் வருத்தம்!

இரண்டு வாரம் என்னுடைய லென்ஸ் வளையம் வேலைக் குவியலின் அடியில் கிடந்தது. ஒவ்வொரு நாளும் அதன்மேல் வேறு யாருடைய வரைபடமாவது ஏறிக்கொண்டே போனது. சென்னைக்காரர் தினமும் ஈரல் நிலவரம் கேட்பார். நான் பேச்சை மாற்றுவேன்.

பிறகு ஒருநாள் மைஸ்டரே என் அறைக்கு ஏறி வந்தார். கையில் ட்ரில் பிட்டுகள் அடுக்கிய ஒரு மரப்பெட்டி. நான் எடுத்த படத்தை அவர் நம்பவில்லை. வீட்டு வாசலில் நின்று ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு பிட்டாக அதன் வழவழப்பான தண்டைக் கண்ணையொட்டிப் பிடித்திருக்கிறார். தண்டு கண்மணியைவிட ஒல்லியாக இருந்தால் இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் கசிந்து நட்சத்திரம் தெரியும். கண்மணியை மூடுகிற அளவு தண்டு வந்ததும் நட்சத்திரம் அணைந்துவிடும். எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காத அளவுமுறை.

"நாலரையில தெரிஞ்சுது. அஞ்சுல அணைஞ்சு போச்சு," என்றார். "நீங்க ஐந்துன்னு சொன்னது தாராளம் ஃப்ராய்லைன். உங்க படத்தைவிட என் ட்ரில் பிட்டு துல்லியம்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. அன்று சாயங்காலமே மலிவுக் குழலை வாங்கிவிட்டார்.

மைஸ்டர் குழலைத் துப்பாக்கியில் பொருத்தி, ஊருக்கு வெளியே உள்ள சுடுதளத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். என் வெற்றியை நேரில் பார்க்க நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நின்றேன். மைஸ்டர் குப்புறப் படுத்து, கன்னத்தைக் கட்டையில் பதித்து, மூச்சை விட்டு, சுட்டார். அடுத்த கணம் பவேரியாவில் சிலுவையிலிருந்து தொடங்குகிற கெட்ட வார்த்தைகள் எத்தனை உண்டோ அத்தனையும் வரிசையாக வந்தன. வலது புருவத்தின்மேல் பிறை வடிவத்தில் ஒரு வெட்டு. ரத்தம் மூக்கோரமாக வழிந்தது.

துப்பாக்கி உதைக்கும். இந்தச் சின்ன விஷயம் எனக்கு மறந்தே போய்விட்டது. மறந்தது என்பதுகூடப் பொய்; தோன்றவே இல்லை. துப்பாக்கித் தொலைநோக்கியில் கண்ணை நான்கு விரல் தள்ளி வைத்தே பார்க்க முடிய வேண்டும், உதைக்கும்போது இடிக்காமலிருக்க. இந்த மலிவுக் குழலில் அதில் பாதி தூரத்தில் கண்ணை வைத்தால்தான் படம் முழுசாகத் தெரிந்தது. ஒரு வாரம் நானே அதில் கண்ணை ஒட்டிக்கொண்டு செங்கல் எண்ணியிருக்கிறேன். என் ஆய்வுமேசை ஒருநாளும் என்னை உதைத்ததில்லை! ஒரு வேட்டைக்காரன் கடையிலேயே கண்டுபிடித்திருப்பான். மைஸ்டரும் கண்டுபிடித்திருப்பார், லென்ஸ் படித்தவளை நம்பியிருக்காவிட்டால்.

வெட்டுக்கு மூன்று தையல் போட்டார்கள். நான் அழுதேவிட்டேன்.

"காயம் ஆறிடும் ஃப்ராய்லைன், அழாதீங்க," என்றார் மைஸ்டர். "இனிமே சுடறதுக்கு முன்னாடியே கண்ணு தானா மூடிக்கும். அதுதான் எனக்குப் பயம். கண்ணை மூடிக்கிட்டு சுட்டா போன வருஷக் கதைதான்."

அக்டோபருக்கு இன்னும் மூன்று வாரம்தான். ரத்தக்கறை பட்ட குழலைக் கடைக்காரர் திரும்ப எடுப்பாரா? வேறு குழலுக்கு வழியில்லை. அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் காலை ஆய்வகத்தில் ஒதுக்கிப் போட்டிருந்த லென்ஸ்களின் இழுப்பறையைத் தலைகீழாகக் கொட்டினேன். கண் பக்கத்து லென்ஸைக் கழற்றிவிட்டு, குவியத் தூரம் அதிகமான வேறொன்றை வைத்தால் கண்ணைத் தள்ளி வைத்துப் பார்க்கலாம். எட்டு மடங்கு ஆறு மடங்காகக் குறையும், பரவாயில்லை. ஓரத்தில் சின்ன உடைசல் உள்ள ஒரு லென்ஸ் அளவுக்குப் பொருந்தியது. அதை எடுத்துக்கொண்டு கீழே போனேன். இந்த முறை ஒன்பது மணி தாண்டும் வரை கதவுக்கு வெளியிலேயே நின்றேன்.

மைஸ்டர் லென்ஸைப் பார்த்தார், என் கிறுக்கலைப் பார்த்தார், லேத்தைப் போட்டார். பித்தளையில் ஒரு புதுக் குழல் கடைந்தார். வெளியே வந்த பித்தளைச் சுருள் என் செருப்பைச் சுற்றி விழுந்தது. மூன்று முறை கடைந்து, மூன்று முறை நான் அளந்து, நான்காவதில் கண் நான்கு விரல் தள்ளி நின்றது. விளிம்புக்குச் சைக்கிள் டியூபை வெட்டி ரப்பர் வளையமும் போட்டார். அழகு என்று சொல்ல முடியாது. பார்க்க அடுப்பூதும் குழல் மாதிரி இருந்தது.

ஆனால் கண் மூடிக்கொள்ளும் பயத்துக்கு லென்ஸ் கிடையாது. தினமும் சாயங்காலம் வேலை முடிந்ததும் குண்டில்லாத் துப்பாக்கியோடு பட்டறைத் தரையில் படுத்து, எதிர்ச் சுவரிலிருந்த ஆணியைக் குறிபார்த்து, கண்ணைத் திறந்தபடியே விசையை அழுத்திப் பழகினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய இமையைப் பார்த்து, "மூடிருச்சு", "மூடல" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். முதல் வாரம் பத்துக்கு எட்டு மூடியது. மூன்றாவது வாரக் கடைசியில் ஒன்றுகூட மூடவில்லை. சுடுதளத்திலும் குண்டுகள் ஒரு உள்ளங்கைக்குள் விழுந்தன. அந்த மூன்று வாரத்தில் என்னுடைய லென்ஸ் வளையமும் சத்தமில்லாமல் குவியலின் அடியிலிருந்து வெளியே வந்து, கடைந்து முடிந்து, என் மேசையில் உட்கார்ந்திருந்தது.

அவர் மலைக்குப் போன சனி ஞாயிறு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஈரலைக்கூட மறந்துவிட்டேன். இன்னொரு ஆடு பாறைக்குப் பின்னால் வலியோடு கிடந்தால் அதில் பாதி என் கைவேலை.

திங்கட்கிழமை காலை மைஸ்டர் என் அறைக்கு வந்தார். புருவத்தில் பிறை ஆறிச் சிவந்திருந்தது. தொப்பியில் ஒரு ஊசியிலைக் கொப்பு காய்ந்துகொண்டிருந்தது. என் மேசையில் எண்ணெய்த்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை வைத்தார்.

"இருநூற்றிருபது மீட்டர். நின்ன இடத்துலயே விழுந்துச்சு. ஒரு சத்தம்கூடப் போடல," என்றார். "நான் போய், அதோட வாயில ஒரு கொப்பு வச்சேன். எங்க வழக்கம் அது, கடைசி வாய்ச் சாப்பாடு. அடுத்த வருஷமும் வரணும்னு மைத்துனன் அங்கயே சொல்லிட்டான்."

எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னொண்ணு கேளுங்க. மைத்துனன்கிட்ட அந்தப் பெரிய குழல் இருக்கு, ஐம்பத்தாறு மில்லிமீட்டர். என்னோட அடுப்பூதுற குழலைப் பார்த்துச் சிரிச்சான். இருட்டுறப்ப ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்த்தான். 'இதென்ன, உன்னுதும் என்னுதும் ஒரே வெளிச்சமாத்தானே இருக்கு, கடைக்காரன் என்னை ஏமாத்திட்டானா'ன்னு கேட்டான். அவனுக்கு அறுபத்திரண்டு வயசு."

"நீங்க சொன்னீங்களா, குழல்ல குறையில்ல, அவர் கண்ணுக்குத்தான்..." என்று ஆரம்பித்தேன். அந்த மனிதர் முகம் போன போக்கைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆவல்.

"இல்ல," என்றார் மைஸ்டர். "ரெண்டுமே நல்ல குழல்னு சொன்னேன். இன்னும் கொஞ்ச நாள் ஏழு மில்லிமீட்டரோட இருந்துட்டுப் போகட்டும் ஃப்ராய்லைன். யாருக்கு என்ன நஷ்டம்?"

குத்திக்காட்டுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ரொட்டிக்கு நடுவே நான் வைத்த அந்த ஈரப் படங்களும், யாரோ இருமியதும், அவர் கத்தியை மடக்கியதும் ஒன்றன்பின் ஒன்றாக அப்போதுதான் எனக்குப் புரிந்தன. நான் ஐந்து பேர் முன்னால் கத்திச் சொன்னதை அவர் மலைமேல் இருவர் மட்டும் இருந்தபோதுகூடத் தன் மைத்துனரிடம் சொல்லவில்லை. என் காது இரண்டும் சுட்டன.

"மைஸ்டர், அன்னிக்கு நான் உங்க எல்லார் முன்னாடியும்..." என்று தொடங்கி, எனக்குத் தெரிந்த ஜெர்மன் அத்தனையும் தீர்ந்துபோய் நின்றேன்.

"எண்ணெய்த்தாள் கசியுது," என்றார் அவர் எழுந்துகொண்டே. "வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைங்க. எனக்கும் ஒரு தட்டு வையுங்க. காரம் கம்மியா."